டவர்காரரின் செப்டம்பர்

அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் ஆகஸ்ட் கடைசியில் டவர்காரரைப் பிடிக்க முடியாது. மற்ற நாட்களில் ஏதாவது ஒரு தானியக் குதிரின் உச்சியில் இடுப்பில் கயிறும் கையில் ஸ்பேனருமாகத் தொங்கிக்கொண்டிருப்பார். இப்போது சமையலறை மேஜையில், லேப்டாப்புக்கு முன்னால், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். எங்கெங்கே நெட் தர முடியும் என்று செப்டம்பர் 1-க்குள் சர்க்காருக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

சட்டப்படி இவர் ஒரு கம்பியில்லா இணைய நிறுவனத்தின் அதிபர். நிறுவனம் என்பது இவர், இவருடைய மனைவி, தலையில் ஏணி கட்டிய ஒரு பிக்கப் வண்டி, அவ்வளவுதான். அமெரிக்கக் கிராமப்புறத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். தொடக்கக் கதையும் பெரும்பாலும் ஒன்றேதான். தன் வீட்டுக்கு நெட் வேண்டும் என்று பெரிய கம்பெனிகளிடம் நடையாய் நடந்தார். இரண்டு வீட்டுக்காக எட்டு மைல் கேபிள் இழுக்க எவனுக்குப் பைத்தியம் என்று அவர்கள் கையை விரித்தார்கள். ரோஷத்தில் தானே ஒரு ஆன்டெனாவை வாங்கி மாட்டினார். பக்கத்துப் பண்ணைக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அன்று மாட்டியது ஆன்டெனா மட்டுமில்லை, இவரும்தான். இன்றைக்கு நானூற்றுச் சொச்சம் வீடுகள்.

டவர்காரர் என்று சொல்லிவிட்டேனே தவிர, டவருக்கென்று இவர் பெரிதாகச் செலவு செய்தவரில்லை. வயல்வெளியில் உயரமாக நிற்பவை ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் தானியக் குதிர்களும்தான். குதிரின் சொந்தக்காரருக்கு வாடகை கிடையாது, இலவச நெட். ஒப்பந்தம் ஒரு கைகுலுக்கலோடு முடிந்தது. பதினைந்து வருடமாகியும் அந்தக் கைகுலுக்கல் செல்லுபடியாகிறது.

வாடிக்கையாளர் பெயர் இவருக்கு ஞாபகம் இருக்காது. மரத்தை வைத்துத்தான் கணக்கு. டிஷ்ஷும் டவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால்தான் இணைப்பு. நடுவில் மரம் வந்தால் மாமியார் வந்த மாதிரி, பேச்சு நின்றுபோகும். பிப்ரவரியில் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே ஜம்மென்று கொடுத்த இணைப்பு மே மாதத்தில் மூச்சு வாங்கும். அப்போது வரும் போன்:

"நெட்டு வரலைங்க."

"உங்க வாசல் மேப்பிள் இலை விட்டுருச்சா?"

"விட்டுருச்சே, பச்சைப் பசேல்னு இருக்கு."

"அதான்."

இந்த ஞானத்தை எழுதுவதற்குத்தான் சர்க்கார் படிவத்தில் இடமில்லை.

பழைய படிவம் 477-ஆம் எண். எஃப்.சி.சி. என்னும் மத்திய தகவல்தொடர்பு ஆணையத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சில் ஒன்று செப்டம்பரில் ஒன்று, அனுப்ப வேண்டியிருந்தது. அதில் நாட்டை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு வட்டத்தில் ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தால் போதும், வட்டம் முழுக்க சேவை உண்டு என்று பொருள். நகரத்தில் வட்டம் என்றால் நாலு தெரு. கிராமத்தில் அது பல சதுர மைல், நடுவில் ஒரு குன்றும் இருக்கும். குன்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிழவர் நெட்டில் பேஸ்பால் பார்ப்பார். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் வீட்டுப் பாடத்துக்கு நூலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கில் இருவரும் சமம். டவர்காரருக்கு அந்தப் பிள்ளைகளையும் தெரியும், காரையும் தெரியும். படிவத்தில் 'ஆம்' என்று நிரப்பும்போதெல்லாம் கை கொஞ்சம் கூசும்.

கூசாத கைகளும் இருந்தன. நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு சின்னக் கம்பெனி, 8 மாநிலங்களில் ஒரு வட்டம் விடாமல் தன்னால் அதிவேக இணையம் தர முடியும் என்று எழுதிக் கொடுத்தது. அதாவது சுமார் 6.2 கோடிப் பேருக்கு. ஆணையம் அதையும் கூட்டலில் சேர்த்து, நாட்டில் நெட் இல்லாதோர் தொகை குறைந்தது என்று மார்தட்டியது. 2019-இல் ஒரு பொதுநல அமைப்பு கணக்கைப் பிரித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. 1 கோடியே 94 லட்சம் என்றிருந்த எண் 2 கோடியே 13 லட்சமாகத் திருந்தியது. இந்தச் செய்தியைப் படித்த அன்று டவர்காரர் பொறாமையோடு சொன்னதாகக் கேள்வி: "எனக்கு ஒரு மேப்பிளைத் தாண்ட முடியல. இவன் எட்டு மாநிலத்தைத் தாண்டிட்டான்."

ஒருவன் செய்த கூத்துக்கு எல்லாருக்கும் தேர்வு வைப்பதுதானே சர்க்கார் வழக்கம். இத்தனைக்கும் புது ஏற்பாடு தேவைதான், அதை மறுக்க மாட்டேன். 2020-இல் சட்டம் வந்தது, 2022-இல் முதல் தகவல் திரட்டல். இப்போது வட்டம் போய் வீடு வந்துவிட்டது. நாட்டில் இணைப்புத் தரக்கூடிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுத்த பெரிய பட்டியல், அதன் பெயர் ஃபேப்ரிக். டவர்காரர் போனில் "ஃபேப்ரிக் இன்னும் வரலை" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்ட மனைவி, திரைச்சீலைக்குத் துணி வாங்குகிறார் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாராம்.

புதுக் கணக்கில் ஒன்று, எந்தெந்த வீட்டுக்குச் சேவை தர முடியும் என்று பட்டியல் தர வேண்டும். அல்லது அலை எதுவரை பாயும் என்று ஆன்டெனாவின் உயரம், திறன், நிலத்தின் மேடுபள்ளம், மரம் மட்டை எல்லாம் கொடுத்துக் கணினியில் படம் வரைந்து அனுப்ப வேண்டும். படம் சரி என்று உரிமம் பெற்ற பொறியாளர் ஒப்பமிட வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பொறியாளரை மக்காச்சோளக் காட்டில் எங்கே தேடுவது? சின்னவர்கள் கூப்பாடு போட்ட பிறகு, அனுபவமுள்ள வேறு பொறியாளர் கையெழுத்தும் போதும் என்று முதல் சில தவணைகளுக்குத் தளர்த்தினார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாராவது கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் இணைப்புத் தர முடியுமா? டவர்காரர் இங்கேதான் நெடுநேரம் நின்றார். இவருடைய காலண்டரில் நாள் கிடையாது, 'அறுவடை முடிஞ்சதும்', 'பனி உருகினதும்' என்றுதான் இருக்கும்.

எப்படியோ அனுப்பினார். 2022 நவம்பரில் நாட்டின் புது இணைய வரைபடம் வெளிவந்தது. தன் குதிர்களைச் சுற்றி வண்ணம் விழுந்திருப்பதைப் பார்த்து, மகன் படம் பேப்பரில் வந்த மாதிரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மகிழ்ச்சியில் 70 என்ற எண்ணை மட்டும் கவனிக்கவில்லை.

70 என்பது உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் ஓடும் சேவைக்கான குறியீடு. கிராமத்துக்கு நெட் கொண்டுபோக மத்திய அரசு 4,245 கோடி டாலர் ஒதுக்கியபோது, இந்த 70-ஐ நம்பகமான சேவையாக எடுத்துக்கொள்வதில்லை என்று விதி செய்தார்கள். இதை மட்டும் நம்பியிருக்கும் வீடு, அந்தப் பணத்தைப் பொறுத்தவரை நெட்டே இல்லாத வீடு. 2025 ஜூனில் விதி மாறி, "நான் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் தருகிறேன்" என்று நிரூபிக்க இவருக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. நிரூபிப்பது எப்படி? இன்னொரு படிவம்.

அதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை, கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். டவர்காரர் அப்போது கூரை மேல் தன் டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்கு இன்டர்நெட் வசதியே இல்லைன்னு படத்துல இருக்கு. சீக்கிரமே ஃபைபர் இழுக்கப் போறோம்."

கூரை மேல் துடைக்கும் சத்தம் நின்றது.

"மரம் இருந்தா பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டார் மனைவி.