பாரோ, லெண்ட், பெரியவர்

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் கடைக்கு ஒருவராவது இருப்பார்: சட்டைப் பையில் சிவப்புப் பேனா, கையில் ஆங்கில நாளிதழ், எதிரே ஆறிப்போன தே தாரேக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாதவர். பக்கத்து மேசைப் பையன், "அங்கிள், கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று கேட்டால் பேனாவுக்கு முன்னால் பாடம் வரும். "வாங்குறவன்தான் தம்பி பாரோ பண்ணுவான், கொடுக்குறவன் லெண்ட் பண்ணுவான். லெண்டுக்குப் பக்கத்திலே 'மீ' நேரா வந்து உட்காரலாம். பாரோவுக்குப் பொருளைச் சொல்லிட்டு 'ஃப்ரம்' போட்டுத்தான் ஆளைக் கூப்பிடணும்."

இலக்கணம் சரி, அவர் சொல்லும் காரணம்தான் தப்பு. "தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ் பேசுறீங்க" என்பது அவருடைய தீர்ப்பு. தமிழில் யோசித்தால் இந்தப் பிழை வரவே வராது. கடனோ இரவலோ, நமக்கு வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் வட்டிக்கு விட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இவை இரண்டையும் குழப்பியிருந்தால், 1894-இல் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்திருக்குமா? பிழையின் ஊற்று அக்கம்பக்கத்தில் இருக்கிறது. ஹொக்கியனில் 'சியோ' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். மலாயில் 'பிஞ்சாம்' வேர்ச்சொல். 'கான்' என்ற விகுதி சேர்ந்தால் கொடுப்பதாகும், ஆனால் தெருப்பேச்சில் அந்த விகுதிக்கு எப்போதும் விடுமுறை. பையனின் ஆங்கிலம் இந்த அண்டைவீட்டாரோடு விளையாடி வளர்ந்தது.

"அப்படியானா யார் கடன்காரன்னே தெரியாம போயிடுமே?" என்பார். போகாது. ஜெர்மானியர் 'லையன்' என்ற ஒரே வினையை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு வங்கி நடத்துகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, அவர் போற்றும் ஆங்கிலத்திலேயே வீட்டுக்காரரும் 'ரெண்ட்' பண்ணுகிறார், குடியிருப்பவரும் 'ரெண்ட்' பண்ணுகிறார். வாடகை வாங்கும் நாளில் பெரியவருக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை. பேச்சில் திசையைக் காட்டுவது ஆளும் இடமும்தான். அவருக்கே இலக்கணத்தின் மேல் முழு நம்பிக்கை கிடையாது: பேனாவைக் கொடுக்கும்போது மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார்.

எஸ்.பி.எம். தாளில் 'பாரோ மீ' என்று எழுதினால் மதிப்பெண் போகும். வேலை விண்ணப்பத்திலும் பல்லிளிக்கும். அங்கே அந்தச் சிவப்புப் பேனா வேண்டியதுதான். தேநீர் மேசையிலும் திருத்தித்தான் ஆவேன் என்றால், கல்லாக்காரரிடம் தினமும் "ஐ பே ஆல்ரெடி லா" என்கிறாரே, அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.