பையனை நூற்றுக்கு நூறு கெடுப்பது எப்படி?

விருதுநகரில் ஆண்பிள்ளையைப் பெற்று, ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இடமும் வாங்கிவிட்டீர்களா? வாழ்த்துகள், பாதி வேலை முடிந்தது. மீதியைப் பிசிறில்லாமல் கெடுத்து முடிக்கத்தான் இந்தக் கையேடு. கீழே உள்ளவற்றில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். விட்டுப்போனதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிடி அரிசிக்குக் கணக்கு எழுதுங்கள்.

க்ஷத்திரிய வித்தியாசாலை இந்த ஊரில் 1889-இல் தொடங்கியது. அதை நடத்த வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தார்கள். அந்த அரிசியில் எந்தப் பையன் பெயரும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். ஃபீஸ், டியூஷன், கைடு, ஷூ என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதி வையுங்கள். பையன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துச் சொல்லிக்காட்டுங்கள். இரண்டாவது தோசை தட்டில் விழும்போது சொன்னால் நன்றாக இறங்கும். மூன்றாவது தோசை மிச்சமாகும்.

2. காமராஜரை அளவாகப் பயன்படுத்துங்கள்.

ஜூலை 15 அவர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டிக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வையுங்கள். 1956-இல் மதிய உணவு, மூடிய பள்ளிகளை மறுபடி திறந்தது, இலவசச் சீருடை, எல்லாம் வரட்டும். ‘ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்’ என்ற இடத்தில் மட்டும் குரலை இறக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளர் பரிசோடு வீடு திரும்பும் பையனிடம் உடனே தொடங்குங்கள்: “மார்க்கு வரலைன்னா எவன் கடையிலயாவது துணி மடிக்கத்தான் போகணும்.” அவன், “காமராஜரும் மாமா ஜவுளிக் கடைக்குத்தானப்பா போனாரு” என்பான். “வாயி நீளுது” என்று முடித்துவிடுங்கள். அவரைப் பற்றிப் பேசலாம், அவரை வைத்துப் பேசக் கூடாது.

3. மார்க்கெட் நிலவரம் பாருங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து 1985-இல் பிரிந்த மாவட்டம் இது. ப்ளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. 2023-இல் 97.85 சதவீதத்தோடு மறுபடி முதலிடம். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. அதனால் என்ன, தெரு நிறுத்தவில்லையே. ரிசல்ட் அன்று எதிர்வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மிளகாய் வத்தல் விலை இறங்கினால் குடோனில் போட்டுவைத்து, ஏறட்டும் என்று நாலு மாதம் பொறுக்கத் தெரிந்தவர் நீங்கள். பையன் விஷயத்தில் அந்தப் பொறுமை ஆகாது. காலாண்டிலேயே நஷ்டக்கணக்கு எழுதிவிடுங்கள்.

4. ஒன்பதாம் வகுப்பில் சல்லடை பிடியுங்கள்.

இது தலைமையாசிரியர்களுக்கு. எட்டு வரை யாரையும் நிறுத்த முடியாது. பத்தில் பெர்சன்டேஜ் வந்துவிடும். நடுவே கடவுள் கொடுத்தது ஒன்பது. மெல்லக் கற்கும் பையனின் அப்பாவை வேலை நாளில் பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். நாற்காலியைக் காட்டாதீர்கள். “அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். டி.சி.யை வாங்கிக்கோங்க, தனித்தேர்வரா எழுதட்டும்” என்று கனிவாகச் சொல்லுங்கள். சதவீதம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பதைக் கூட்டப் பாடம் நடத்த வேண்டும். கீழே இருப்பதைக் குறைக்க ஒரு கையெழுத்துப் போதும். பெற்றோர்களே, அந்தப் பையன் உங்கள் பையனாக இல்லாதவரை இதைக் ‘கண்டிப்பான ஸ்கூல்’ என்று பாராட்டுங்கள்.

5. தோலை உரிக்க உத்தரவு கொடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17, மாணவனை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அது டெல்லியில் எழுதியது. நீங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று சொல்லுங்கள். பையன் பக்கத்தில் நிற்பது முக்கியம். என் அப்பாவும் சொன்னார். அறிவியல் வாத்தியார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீடு வரும்வரை அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சட்டையின் நீலக் கோடுகள் பதினொன்று. வாத்தியார் நடத்திய எதுவும் நினைவில் இல்லை. அந்தப் பதினொன்று இருக்கிறது.

6. தூக்கத்தைத் திருவிழாவோடு சேர்த்து ஒழியுங்கள்.

காலை ஆறு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டெஸ்ட், ராத்திரி டியூஷன். மினிமம் மெட்டீரியலில் உள்ள ஒரு மார்க் கேள்விகளை வரிசை எண்ணோடு உருப்போடச் சொல்லுங்கள். கேள்வியை மாற்றிக் கேட்டால் முழிக்கட்டும், மாற்றிக் கேட்பவர்தான் தப்பு. பங்குனிப் பொங்கல் பரீட்சைக் காலத்தை ஒட்டி வரும். ஊரே அக்னிச்சட்டி எடுக்கும், பொருட்காட்சி ராட்டினம் சுற்றும். ஜன்னலைச் சாத்துங்கள். “அடுத்த வருஷம் போலாம்” என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் ப்ளஸ் ஒன், அதற்கு அடுத்தது ப்ளஸ் டூ. அதற்குப் பிறகு அவனுக்கு ராட்டினம் ஏறும் வயது இருக்காது.

7. முடியைப் பாருங்கள், கயிற்றைப் பார்க்காதீர்கள்.

பாக்ஸ் கட்டிங் என்றால் வாசலிலேயே நிறுத்துங்கள். காதோரம் ஒரு கோடு இழுத்திருந்தால் அப்பாவுக்குப் போன் போடுங்கள். மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் சாதிக் கயிறு கட்டிவந்தால் அது சாமிக் கயிறு, கண்ணில் படாது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் மாணவர்களுக்கு வேண்டாம் என்று நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அப்பாக்களே, அறிக்கையைப் படிக்க வேண்டாம். “சும்மா கெத்துக்குக் கட்டுறான், சின்னப் பய” என்று சொல்லுங்கள். அந்த நிறத்தை அவனுக்கு அறிமுகப்படுத்திய கல்யாண ஃப்ளெக்ஸில் உங்கள் போட்டோவும் இருக்கும்.

8. ஆபீசைக் காட்டி மிரட்டுங்கள்.

சிவகாசிப் பக்கத்தில் ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட இடம் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு பிறந்ததே சிவகாசியை வைத்துத்தான். சின்ன வயதில் குச்சி அடுக்கிய ஒரு தலைமுறை, பிள்ளைகளை அங்கே அனுப்பவே கூடாது என்று பல்லைக் கடித்துப் படிக்க வைத்தது. அந்த வைராக்கியத்தை மிரட்டலாக மாற்றுங்கள்: “இப்படியே போனா ஆபீசுக்குத்தான் போவ.” அந்த வேலையில் விரல் மஞ்சளாகித்தான் அவன் பாட்டி அவன் அம்மாவுக்குச் சோறு போட்டாள் என்பதைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவனுக்குப் படிப்பின் மேல் ஆசை வந்துவிடும் அபாயம் உண்டு. நமக்குப் பயம் போதும்.

9. ப்ராக்ரஸ் கார்டில் எண்ணை மட்டும் பாருங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு அட்டையை நீட்டுவான். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகும் போகமாட்டான். கதவு நிலையில் சாய்ந்து, கட்டைவிரலால் தரையில் ஏதோ கிழித்துக்கொண்டு நிற்பான். பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது. யாராவது அடித்திருக்கலாம், இவனே அடித்திருக்கலாம், ஒரு வாத்தியார் நன்றாகப் படம் வரைகிறாய் என்று சொல்லியும் இருக்கலாம். “என்னலே?” என்று போனைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். “ஒண்ணுமில்லப்பா” என்பான். நம்புங்கள். மாதம் ஒரு அட்டை வீதம் மூன்று நான்கு வருஷம் பழக்கினால் பிறகு நிற்கவே மாட்டான்.

10. பலனை அனுபவியுங்கள்.

பையன் பாஸாகிவிட்டான், ஃப்ளெக்ஸிலும் வந்தான், இன்ஜினீயரிங் முடித்துச் சென்னைக்கும் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா? சாப்டேன். மழையா? இல்லப்பா. வேற? ஒண்ணுமில்லப்பா. முப்பத்தெட்டு நொடி. “பய பேசவே மாட்டேங்கறான்” என்று டீக்கடையில் குறைபட்டுக்கொள்ளுங்கள், அங்கே இருக்கும் எல்லா அப்பாவும் தலையாட்டுவார்கள். ஆனால் ஒன்றாம் தேதி காலையில் உங்கள் போன் ‘டிங்’ என்று ஒலிக்கும். ஃபீஸ், டியூஷன், கைடு, ஷூ, இரண்டாவது தோசை உட்பட எதையும் அவன் மறக்கவில்லை. தவணை தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறான். அந்தக் கணக்கில் மட்டும் பையன் சென்டம்.