டிரிப் அண்ணே

கொட்டகலைப் பக்கம் லயத்துக்கு ஒரு டிரிப் அண்ணே நிச்சயம் உண்டு. கொழும்பில் ஏதோ ஒரு கடையில் வேலை. சித்திரை வருஷத்துக்கு ஊருக்கு வந்தால், பலகாரம் ஆறுமுன் கொப்பியும் பேனையுமாக வாசலில் நிற்பார். "வேன் பேசியாச்சு. அட்வான்ஸ் ஆளுக்கு ரெண்டாயிரம்." எங்கே என்று பிறகுதான் சொல்வார்.

இந்த முறை அமெரிக்கக்காரன் பாலைவனப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துத் தூங்குவதை ஃபோனில் பார்த்துவிட்டார். பள்ளத்தாக்குக்கு நமக்கென்ன பஞ்சம், வாசலைத் தாண்டினாலே பள்ளம்தான். இல்லாதது பாலைவனம். அதனால் வடமராட்சி கிழக்கு, மணற்காடு.

அமெரிக்கக்காரனுக்குக் கூடாரம், அண்ணேக்குப் படங்கு. அவனுக்கு கேஸ் அடுப்பு. அண்ணேக்கு ஒரு கட்டு கவ்வாத்து மிலாறு. "பாலைவனத்துல வெறகு ஏதுடா?" அந்தக் கட்டு சீட்டில் ஏறியதால் இரண்டு பேர் மடியில் பயணம். போதாததற்கு ஒரு ரைஸ் குக்கர். அதை எதில் சொருகுவது என்று கேட்டவனை அடுத்த டிரிப்பில் சேர்க்கமாட்டார்.

ஹட்டன் மாணிக்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். நாவலப்பிட்டியில் குல்லா கழன்றது, மாத்தளையில் ஸ்வெட்டர், தம்புள்ளையில் சட்டை. வவுனியா தாண்டியதும் அண்ணே மட்டும் ஸ்வெட்டரோடு இருந்தார். பாலைவனத்தில் ராத்திரி குளிருமாம். முறிகண்டியில் இன்னொரு தேங்காயும் கச்சானும். ஏ9 வீதியில் அங்கே நிற்காமல் போகிற வேன் இன்னும் பிறக்கவில்லை.

மணற்காட்டில் மணல் மலை மலையாகத்தான் கிடந்தது. அதற்கு அப்பால் கடல், பக்கத்தில் சவுக்குக் காடு, நிலமெல்லாம் காய்ந்த சவுக்குக் குச்சி.

"அண்ணே, பாலைவனத்துல கடல் எப்படி?"

"அது ஓரம்டா."

விறகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மிலாற்றுக்கு சீட்டைக் கொடுத்து மடியில் வந்தவர்கள் மட்டும் அண்ணேயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படங்கு கட்ட முளை அடித்தார். தேயிலை மலையில் அடித்துப் பழகிய கை. இங்கே அடிக்க அடிக்க முளை கீழே போனது, விட்டதும் சாய்ந்தது. கடல் காற்று ஒரு தூக்கு தூக்க, படங்கு சோற்றுப் பானையை மூடிக்கொண்டது. சோற்றை எடுத்து வாயில் வைத்தால் நறநற. "நாட்டரிசி அப்படித்தான்" என்று சமாதானம் வேறு.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மீன்பிடிக்கார ஐயா ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, முளை நிக்காது. சாக்குக்குள்ள மண்ணைப் போட்டுத் தாட்டு, அதில கயித்தைக் கட்டுங்கோ. நீங்கள் எவடம்?"

"கொட்டகலைங்க."

"அந்தக் குளிர் ஊரை விட்டிட்டு ஏன் இஞ்ச வந்தனீங்கள்? நான் இன்னும் அந்தப் பக்கம் பார்க்கேல்லை."

அண்ணே வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொப்பியைப் பிரித்தார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க? ஆளுக்கு ரெண்டாயிரம் போதும்."