பரண் கேள்விகள்

தேனாம்பேட்டையில் ஓர் அடுக்ககத்துக்காரர்கள் சேர்ந்து வட்டார வரலாற்றுக் குழு தொடங்கப் போகிறார்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டாலும் போட்டோம், தபால்பெட்டியை மூட முடியவில்லை. எனவே இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை.

கே: குழுவுக்கு லோகோ தயார், லெட்டர்பேட் தயார். அடுத்து என்ன செய்யலாம்?
(குழுவின் அமைப்பாளர், தேனாம்பேட்டை)

ப: இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் அடுக்ககத்தில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். லோகோ எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கும். மெட்ராஸ் தினம் 2004-இல் தொடங்கியபோது கமிட்டியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா என்று மூன்று பத்திரிகைக்காரர்கள் பேசிவைத்து ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் அவரவர் பேட்டையில் நடைப்பயணமோ கண்காட்சியோ வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் அது பரவியது. தலைவர் பதவிக்குப் போட்டி வந்தால் சொல்லுங்கள், அதற்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

கே: தேனாம்பேட்டையில் சிக்னலைத் தவிர என்ன சார் இருக்கிறது? மயிலாப்பூர்க்காரர்கள் வரலாறு பேசினால் நியாயம். இவர்களுக்கு எதற்கு?
(ஒரு மயிலாப்பூர்க்காரர், கச்சேரி ரோடு)

ப: அந்தச் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சைதாப்பேட்டையைப் பார்த்தபடி நில்லுங்கள். வலது கைப்பக்கம் தியாகராய ரோடு போகிறதே, அந்தப் பக்கமெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பு ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டுக்கு இணையாக நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டி விட்டிருக்கிறார்கள். 1920-களில் ஏரியை வற்றவைத்து மனை போட்டதுதான் தி. நகர். ஏரி போய்விட்டது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் பெயர்ப் பலகையில் மட்டும் கரை கட்டிக்கொண்டு நிற்கின்றன. 2015-லும் 2021-லும் மழைக்குத் தண்ணீர் வந்து தி. நகரை விசாரித்துவிட்டுப் போனது. அதற்குப் பழைய முகவரி மறக்கவில்லை.

இடது பக்கம் எல்டாம்ஸ் ரோடு. திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி அய்யரின் 'குரோவ்' வீடு அங்கேதான். இன்று அவர் பெயரிலான அறக்கட்டளையின் ஆய்வு நிறுவனம் அந்த வளாகத்தில் இயங்குகிறது. கே.பி. தாசன் ரோட்டில், ஊரே எஸ்.ஐ.இ.டி. என்று அழைக்கும் பெண்கள் கல்லூரி. முஸ்லிம் பெண்களின் படிப்பை முன்வைத்து நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-இல் தொடங்கியது. இன்னும் தெற்கே போனால் செனடாஃப் ரோடு. செனடாஃப் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டுப் பாருங்கள். காரன்வாலிஸ் பிரபுவுக்கு அங்கே ஒரு நினைவு மண்டபம் நின்றது. மண்டபம் இடம்பெயர்ந்துவிட்டது. பிரபுவின் சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கும் காட்சியோடு. ரோட்டுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

பச்சை விழுந்துவிட்டது, கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

கே: பாண்டி பஜாரில் பாண்டிச்சேரி சரக்கு விற்றார்களாமே?
(புதிதாக வந்தவர், அடையாறு)

ப: டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் கேட்டால் வருத்தப்படுவார். நீதிக்கட்சித் தலைவர், கடைவீதிக்கு அவர் பெயர். பனகல் பார்க், உஸ்மான் ரோடு, தியாகராய ரோடு எல்லாமே அந்தக் கட்சியின் வருகைப் பதிவேடுதான். சேலை எடுக்கப் போகிறவர்கள் தங்களை அறியாமல் மந்திரிசபையைச் சுற்றிவிட்டு வருகிறார்கள்.

கே: மாமியார் பரணில் மூன்று டிரங்குப் பெட்டி. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், மளிகைக் கணக்கு, கிழிந்த வார இதழ். பழைய பேப்பர்காரர் வாசலில் நிற்கிறார். போட்டுவிடவா?
(மருமகள், ஆழ்வார்பேட்டை)

ப: அவரை ஒரு மோர் கொடுத்து அனுப்பிவையுங்கள். பிறகு இந்தக் கதையைக் கேளுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் முத்தையா செட்டியார் என்று ஒருவர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். 'ரோஜா' ஒட்டிக்கொண்டு ரோஜா முத்தையா ஆனார். மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் இவர் காசு கொடுத்து வாங்கினார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், கத்தரித்த செய்தித் துணுக்கு, கடிதம். வீடு காகிதத்தால் நிரம்பியது. அந்த வீட்டுப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் மாமியாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1992-இல் அவர் காலமானார். அப்போது சேர்ந்திருந்தது ஏறக்குறைய ஒரு லட்சம். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றாமல், சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். தரமணியில் இருக்கிறது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

உங்கள் பெட்டிக்கு வருவோம். மளிகைக் கணக்கை முதலில் எடுத்து வையுங்கள். கவர்னர் என்றைக்கு எங்கே ரிப்பன் வெட்டினார் என்று ஆவணக் காப்பகத்தில் கோப்பு இருக்கும். ஒரு குடும்பம் மாதத்துக்கு எத்தனை படி அரிசி வாங்கியது, மண்ணெண்ணெய் என்ன விலை, கடனுக்கு எந்தக் கடை என்பதற்கு உங்கள் மாமியாரின் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அழைப்பிதழும் அப்படியே: யார் யார் பெயர் எந்த வரிசையில், பெண்ணின் படிப்பு எந்த ஆண்டிலிருந்து அச்சாகத் தொடங்கியது, சாதிப் பெயர் எப்போது உதிர்ந்தது, மண்டபம் எப்போது வீட்டு வாசலைத் துரத்தியது. அலமாரி அலமாரியாக எழுதிய சமூகவியலுக்கு அது மூலம். பிரிக்கும்போது எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்; கலைத்துவிட்டால் பாதிக் கதை போச்சு.

கே: தாத்தாவின் பத்திரங்களை லாமினேட் செய்துவிட்டேன். சபாஷ்தானே?
(பொறுப்பான பேரன், ராயப்பேட்டை)

ப: தாத்தா பாவம். சூடும் பசையும் சேர்ந்து காகிதத்தை உள்ளுக்குள்ளேயே கெடுக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. செல்லோடேப்பும் அதே குலம், சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை விட்டுவிட்டு உதிரும். மிச்சம் இருப்பதைத் தட்டையாக, அமிலமற்ற காகித உறையில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுதப் பென்சில் போதும். ஆனால் எழுதுங்கள். 'நடுவில் நிற்பது யாரென்று தெரியவில்லை' என்ற குரூப் போட்டோ இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

அந்தப் பத்திரத்தில் சொத்து விவரம் என்று கடைசியில் வருமே, நான்கு எல்லை. அதைப் படித்தீர்களா? 'இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு, ஏரிக்கரைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு' என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் சொத்துக் காகிதம் இல்லை, காணாமல்போன ஒரு கிராமத்தின் வரைபடம். ஒரே தெருவில் பத்து வீட்டுத் தாய்ப்பத்திரத்தின் எல்லைகளைக் கோத்துப் பார்த்தால் தேனாம்பேட்டையின் தோப்பும் வாய்க்காலும் எழுந்து நிற்கும். குழு தொடங்குகிறவர்கள் இதைச் செய்தால் நானே வந்து உட்காருகிறேன். விலையையும் சர்வே நம்பரையும் மறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் பீரோவைத் திறக்க மாட்டார்கள்.

கே: சென்னைக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட் 22 என்பது சரியா?
(தேதி பார்ப்பவர், மந்தைவெளி)

ப: 1639-இல் தாமர்லா வேங்கடப்ப நாயக்கர் கும்பெனிக்காரர் ஃபிரான்சிஸ் டேவுக்கு இடம் கொடுத்த சாசனத்தில் ஜூலை 22 என்றுதான் தேதி. ஆனால் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27. ஐந்து நாள் முன்னதாகவே எழுதிவைக்க நாயக்கர் என்ன ஜோசியரா? மாதத்தை எழுதியவர் கை தவறியிருக்கும் என்று ஆகஸ்ட் ஆக்கிக்கொண்டார்கள். அதுவும் கோட்டைக்குத்தான் பிறந்தநாள். திருவல்லிக்கேணிப் பெருமாள் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இன்னும் பின்னால் போக ஆசையா? அண்ணா சாலையைப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் பல்லாவரம். அங்கேதான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். எத்தனை மெழுகுவத்தி வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கே: எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக்குக் காந்தி வந்து ஆட்டுப்பால் குடித்தார் என்று பெரியப்பா சொல்கிறார். குழுவில் பதிவு செய்யலாமா?
(பெருமைக்குரிய வாரிசு, கோபாலபுரம்)

ப: 'பெரியப்பா சொல்கிறார்' என்று பதிவு செய்யுங்கள். 'காந்தி வந்தார்' என்று பதிவு செய்ய வேறு சாட்சி வேண்டும். அவர் நடமாட்டம் நாள்வாரியாகக் குறிக்கப்பட்ட ஒன்று. அ. இராமசாமியின் 'தமிழ்நாட்டில் காந்தி' போன்ற நூல்களும் அன்றைய நாளிதழ்களும் இருக்கின்றன. தேதி ஒத்துவந்தால் பாதி வழி தாண்டிவிட்டீர்கள். ஒத்துவராவிட்டாலும் பெரியப்பாவை அடிக்கப் போகாதீர்கள். உங்கள் குடும்பம் எதைப் பெருமையாக நினைத்தது என்பதற்கு அந்தக் கதையே சான்று.

கோபாலபுரத்துக்குப் பக்கத்திலேயே, கதீட்ரல் ரோட்டில், உறுதியான ஒன்று உண்டு. 1919 மார்ச்சில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் காந்தி தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில் அங்கே அவருக்குத் தோன்றியது. சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6-இல் நாடே கடையடைத்தது. அந்த வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் வந்தது நட்சத்திர ஹோட்டல்.

கே: பழைய கட்டடத்தைக் காப்பாற்ற ஒரு குழுவால் முடியுமா, புலம்பத்தான் முடியுமா?
(அனுபவசாலி, ஜி.என். செட்டி ரோடு)

ப: இரண்டும் முடியும். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது புலம்பத்தான் முடிந்தது. மவுண்ட் ரோடு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. 2010-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்போடு நகரத்தின் 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலும் பேச்சுக்கு வந்தது. பட்டியல் கட்டடத்துக்குச் சிமென்ட் பூசாதுதான். ஆனால் பட்டியலில் இல்லாத வீட்டுக்காக வழக்காட வக்கீலுக்குப் பிடி கிடைக்காது. உங்கள் தெருவில் எது எந்த வருடம் கட்டியது என்று இடிப்பதற்கு முன்னால் எழுதிவைப்பது குழுவின் வேலை. ஜேசிபி வந்தபின் செல்ஃபி எடுப்பது எல்லோரும் செய்வது.

கே: இந்த மாதிரிக் குழுக்களில் பங்களாக்காரர்கள் கதைதான் ஓடுகிறது. எங்கள் குடிசைப் பகுதியை யார் எழுதுவார்கள்?
(முன்னாள் தேனாம்பேட்டைக்காரர், இப்போது கண்ணகி நகர்)

ப: இந்த இதழின் முதல் பரிசு உங்களுக்கு. குரோவ் வீட்டைப் பற்றி மேலே நானும்தான் ஆசையாக எழுதியிருக்கிறேன். அந்த மாதிரி வீடுகளில் சமைத்தவர், வண்டி ஓட்டியவர், துணி வெளுத்தவர் எங்கே குடியிருந்தார்கள் என்று எழுதவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்தது. 2000-க்குப் பிறகு நகரத்தின் நடுவிலிருந்து பல குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். தெருவின் நினைவு அவர்களோடு பஸ் ஏறிப் போய்விட்டது. தேனாம்பேட்டைக் குழு அடுக்ககத்துச் சமுதாயக் கூடத்தில் மட்டும் உட்கார்ந்தால் பாதித் தேனாம்பேட்டைதான் கிடைக்கும். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவர்கள்தான் உங்களிடம் வர வேண்டும். நீங்கள் வரத் தேவையில்லை. கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசினால் எழுந்து போய்விடுங்கள். அதற்கு என் அனுமதி உண்டு.

கே: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் லேப்டாப்பில் போட்டுவிட்டேன். இனிக் கவலையில்லை அல்லவா?
(கணினிக்காரர், திருவான்மியூர்)

ப: லேப்டாப்பில் காபி கொட்டும்வரை இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் 'நூலகம்' என்ற மின்நூலகத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களாக இதழ், நூல், துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, யாரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நீங்களும் ஒரு பிரதியை நூலகத்துக்கும் ஒன்றை அத்தை பையனுக்கும் கொடுங்கள். கோப்புக்கு 'நியூ ஃபோல்டர் 3' என்று பெயர் வைக்காதீர்கள்.

கே: தேனாம்பேட்டையில் சோழர் காலச் சுரங்கப்பாதை இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
(ஃபார்வேர்டு செய்தவர், கோட்டூர்புரம்)

ப: சுரங்கம் உண்டு. 2018 மே மாதம் திறந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம்.

கே: குழுவின் முதல் நடைப்பயணம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஆள் வருமா?
(மறுபடியும் அமைப்பாளர், தேனாம்பேட்டை)

ப: முடிவில் எந்த ஹோட்டலில் டிபன் என்பதை நோட்டீஸின் முதல் வரியில் போடுங்கள். காரன்வாலிஸ் இரண்டாவது வரியில் வரட்டும்.