பதினொரு கட்டளைகளும் ஒரு பாத்ரூமும்

நம் காவல் நிலையங்களில் உயிருக்கு ஆபத்தான இடம் பாத்ரூம். விசாரணைக்கு வந்தவர் உள்ளே போவார், வழுக்கி விழுவார், கை உடையும். கொஞ்சம் எதிர்த்துப் பேசியவர் என்றால் காலும் சேர்ந்து உடையும். மறுநாள் மாவுக்கட்டோடு படம் வரும். அதே பாத்ரூமை வருஷக்கணக்காகப் புழங்கும் ஏட்டய்யா மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை. பழக்கதோஷம்!

இந்த வழுக்கலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் டி.கே.பாசு, லாக்கப் சாவுகள் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 18-ல். நடுவே பத்து வருஷம். அடிபட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், பொறுக்க முடியாதவர்கள் செத்துப்போனார்கள்.

தீர்ப்பு அருமையான தீர்ப்பு, இதில் கிண்டல் இல்லை. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை லாக்கப் வாசலோடு நின்றுவிடாது என்று சொல்லி, பதினொரு கட்டளைகளை வகுத்தது. பிடிக்க வருகிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் நாளும் நேரமும் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஸ்டேஷனில் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுதிவைத்தார்கள். பெயிண்டருக்குக் கூலி கிடைத்தது.

மீதிக்கு ஒரு சுலபமான வழி இருந்தது: கைதே செய்யாமல் இருப்பது. "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போயிடுப்பா." கைது இல்லை என்றால் குறிப்பு எதற்கு, சாட்சி எதற்கு, டாக்டர்தான் எதற்கு?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-லேயே கையெழுத்துப் போட்ட தேசம் இது. அதை உறுதி செய்யத்தான் இன்னும் நல்ல நேரம் கூடிவரவில்லை.

2020 ஜூனில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். இருவரும் பிணமானார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது கேமரா இருந்தது, பதிவுகளைச் சேமிக்க ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி செட் செய்திருந்தார்கள். அந்த மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் ஒருமையில் பேசினார். கடைசியில் ஸ்டேஷனை வருவாய்த்துறை வசம் ஒப்படைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். திருடன் வந்தால் இனி தாசில்தாரைக் கூப்பிடலாம்.

அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புத் தந்தது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா. இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிவாக வேண்டும், 18 மாதப் பதிவு இருக்க வேண்டும். கேமரா ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கு? அந்த ஸ்டேஷனின் பொறுப்பு அதிகாரிக்கே. பாத்ரூமுக்கு வெளியே மட்டும் வைக்கலாம், உள்ளே கூடாது. மனிதக் கண்ணியம் கருதிய நியாயமான விலக்கு அது. பாத்ரூமும் தன் வேலையைத் தொடர்ந்தது.

2025 ஜூனில் ஸ்டேஷனே தேவைப்படவில்லை. நகை காணாமல் போன புகாருக்காக மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை விசாரித்தார்கள். கோயிலுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். அங்கே சுவரில் பதினொரு கட்டளை இல்லை, அரசாங்கக் கேமராவும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அடித்தது வெளியே தெரிந்தது, ஒருவர் மறைந்து நின்று தன் செல்போனில் எடுத்த சில நொடிப் படத்தால். எடுத்தவர் பிறகு உயிருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டார். டி.ஜி.பி.யிடம்.