சும்மா நடத்தல்: கொங்குக் குடும்பங்களின் வனநடை குறித்த ஓர் ஆய்வு

மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை, வடக்கே சத்தியமங்கலம், வடமேற்கே நீலகிரி. கோவையில் மொட்டைமாடி வைத்திருப்பவர் கண்ணுக்கு இவற்றில் ஒன்றாவது படாமல் போகாது. இவ்வளவு காட்டை வாசலில் வைத்திருக்கும் மக்கள் அதற்குள் நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆராயும் பொறுப்பை, யாரும் கேட்டுக்கொள்ளாத நிலையிலும், இக்கட்டுரை ஏற்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்கு வாசகர் விலை தெரியாமல் கடைக்குள் கால் வைப்பதில்லை. கொங்குக் குடும்பம் சாமிக்காக நடக்கும், தண்ணிக்காக நடக்கும், ஒறம்பறைக்காக (உறவுக்காரருக்காக) நடக்கும். சும்மா மட்டும் நடக்காது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகை: எங்கள் வீடு, பெரியம்மா வகையறா, மச்சான் வகையறா. ஒரு டெம்போ டிராவலருக்குள் அடங்கும். 'வனநடை' என்பது, வண்டி நின்ற இடத்துக்கும் புளிசோற்று மூட்டையைப் பிரிக்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் என வரையறுக்கப்படுகிறது. இத்தூரம் பெரியம்மாவின் முழங்காலைப் பொறுத்துச் சுருங்கும், விரிந்ததாகச் சான்றில்லை.

பருவங்களைத் தையிலிருந்து தொடங்குவதே முறை. காணும் பொங்கலன்று ஈரோடு, கோவை வட்டாரக் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் தின்பண்டங்களோடு காட்டுப்பக்கமாக ஆவாரம்பூப் பறிக்கக் கிளம்புவார்கள். பூப்பறிக்கிற நோம்பி என்று பெயர். குடும்பத்தோடு இயற்கையில் உலாவுதல் என்று நகரத்து விளம்பரங்கள் இன்று விற்பது இதைத்தான். ஆனால் அங்கேயும் கையில் பூ இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். வெறுங்கையோடு திரும்பினால் "எங்க போய்ச் சுத்தீட்டு வர்றீங்க?" என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கும்.

அடுத்தது வெள்ளியங்கிரி. இங்கேதான் ஆய்வாளனுக்குத் தலை சுற்றுகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை, பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை ஏறுகிறார்கள். முதல் மலையின் படிகளே தொடையைப் பிடுங்கும். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று தண்ணீர் இருக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. ஏறுகிறவர் அந்தத் தண்ணீரை நினைத்துக்கொண்டே ஏறுகிறார். ஏழாவது மலைக் காற்றில் பல் தந்தியடிக்கும். தெருமுனைப் பால் பூத்துக்கு வண்டியில் போகிற என் மச்சான் இந்த மலையை ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறார். இதே ஏற்றத்தை 'உடற்பயிற்சி' என்று சொல்லி ஏறச் சொல்லுங்கள், செருப்பைக்கூடத் தேட மாட்டார். பெண்கள் ஏறுவதில்லை என்ற பழைய வழக்கத்தால் பல குடும்பங்கள் அடிவாரத்திலேயே இரண்டாகப் பிரிகின்றன. ஏறாத பாதி கீழே உட்கார்ந்து ஏறிய பாதிக்காகக் கவலைப்படுகிறது. களைப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. இந்த வழக்கம் நியாயமா என்பது வேறு ஆய்வு. என் அபிப்பிராயம் கேட்டால், நியாயமில்லை.

இதில் ஒரு புதிர் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபின் (அதில் சிரிக்க ஒன்றுமில்லை) மலையேற்ற விதிகள் கடுமையாயின. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டமும் பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம் என்று மூடப்படுகிறது. வெள்ளியங்கிரி திறந்திருப்பதோ அதே மாதங்களில். காய்ந்த புல்லுக்குப் பக்தரையும் மலையேற்றக்காரரையும் பிரித்தறியும் ஆற்றல் உண்டு என்று கொள்வதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. சென்னை ஒறம்பறை வந்து இறங்கும். அவர்களுக்குக் காட்டுவதற்காக நாமும் பார்ப்பது டாப்சிலிப். வெட்டிய மரங்களை மேலிருந்து சரித்துவிட்டதால் வந்த பெயர். அந்த மலையில் கட்டைகூடச் சும்மா உருண்டதில்லை. சேத்துமடைச் சோதனைச்சாவடி தாண்டி ஏறினால், வெட்டித் தீர்ந்த தேக்குக் காட்டை மீட்ட வன அதிகாரி ஹூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. 1933இல் இறந்தவர். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே போவார் என்பது அங்கே வழங்கும் கதை. சீமைக்காரராக இருந்தும் சும்மா நடக்காத அவரைக் கொங்குக்காரர் பட்டியலில் சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

ஆடிச் சாரலில் காரணம் தண்ணீர். சாடிவயலில் காரை நிறுத்தி, வனத்துறை வண்டியில் ஏறி, கொஞ்சம் நடந்து கோவைக் குற்றாலத்தில் குளிக்கலாம். வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள்; குடும்பம் பேரூர் ரோட்டில் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பும். வால்பாறைப் பக்கம் போனவர்களை அட்டை கடிக்கும். அந்தக் காட்டில் நோக்கத்தோடு நடக்கும் இன்னொரு உயிர் அது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேலே பாலமலை அரங்கநாதர் கூப்பிடுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

ஆக, தேசியப் பூங்காவுக்கு எந்த மாதத்திலும் இடம் விழவில்லை. ஆனைமலை 1976இல் சரணாலயம் ஆனது, 2007இல் புலிகள் காப்பகம். இடையில் 1989இல் கரியன் சோலை, அக்காமலைப் புல்மலை, மஞ்சம்பட்டி ஆகியவற்றைச் சேர்த்து 117 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வரையாடு, சோலைமந்தி, புல்வெளியின் பள்ளங்களில் ஒதுங்கிய சோலைக்காடு என்று உலகம் வியக்கும் சரக்கு அத்தனையும் அங்கே. எங்கள் வண்டியில் இருந்தவர்களை அதன் பெயரைச் சொல்லச் சொன்னேன். "வரையாடுன்னா ஒம்பதாவது வளைவுல ரோட்டோரமே நிக்குமே, அதுக்கு எதுக்கு உள்ள போகோணும்?" என்றார் பெரியம்மா. ஆழியாறு–வால்பாறைச் சாலையின் நாற்பது வளைவுகளில் அந்த வளைவில் வரையாடு நிற்பது மெய்தான். மறுக்க முடியவில்லை.

சும்மா நடக்காது என்ற முடிவுக்கு ஓர் எதிர்வாதம் உண்டு: அரசின் திட்டம் வந்தபின் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் இணையத்தில் பதிந்து, வழிகாட்டியோடு சும்மாவே நடக்கிறார்களே? நடக்கிறார்கள். அதில் ஒருத்தி எங்கள் பெரியம்மாவின் பேத்தி. கட்டணத்தைக் கேட்டதும் பெரியம்மா சொன்னது: "நடக்கறதுக்குக் காசுங்களா கண்ணு? நம்ம தோட்டத்துல ஒரு சுத்து சுத்து, நான் தாரேன்." திரும்பி வந்த பேத்தி எடுத்துவந்த படங்களைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "மேல கோயில் ஒண்ணுமில்லையா?"

இல்லை. கரியன் சோலையும் புல்மலையும் இன்னும் சோலையாகவும் புல்லாகவும் இருப்பதற்குச் சட்டம் பாதிக் காரணம், கோயில் இல்லாதது மீதிக் காரணம். எனவே வனத்துறை அதிகாரிகளுக்கு இந்த ஆய்வாளனின் பணிவான விண்ணப்பம்: வேலி போடுங்கள், போடாமல் இருங்கள், உங்கள் விருப்பம். தேசியப் பூங்காவுக்குள் எங்காவது ஒரு கல்லுக்கு யாராவது மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் மட்டும், தயவுசெய்து அன்றைக்கே கழுவிவிடுங்கள்.