ஓட்டை அடைக்கும் துறைக்கு ஒரு பாராட்டு மடல்

பிரிட்டனின் எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகர பூஜ்ஜியத் துறையின் மேன்மைமிகு அதிகாரிகளுக்கு,

2008-இல் ஒரு பெயர், 2016-இல் இன்னொன்று, 2023-இல் இப்போதுள்ளது என்று பெயர்ப்பலகை மாற்றுவதில் தாங்கள் காட்டிவரும் சுறுசுறுப்பு வியக்கத்தக்கது. அதைவிட வியப்பு, 2022 டிசம்பரில் நடத்திய விளம்பர இயக்கம். பாய்லர் அனுப்பும் நீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறையுங்கள், ஆளில்லாத அறையில் ரேடியேட்டரைத் தணியுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள் என்றெல்லாம் குடிமக்களுக்குக் கற்பித்தீர்கள். நல்ல அறிவுரைதான். இடுக்கை யாரும் அடைத்துக்கொள்ளலாம். சுவருக்கு வெப்பக் காப்பு போடப் பணமும் தேர்ந்த கையும் வேண்டும். அதற்கு வருமான வரம்பில்லாமல் கிடைத்துவந்த மானியத்தைத்தான் முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே மூடிவிட்டிருந்தீர்களே!

‘பசுமை இல்ல மானியம்’ என்ற அந்தத் திட்டத்தின் ஆயுள் ஆறு மாதம். 150 கோடி பவுண்டு ஒதுக்கி, ஆறு லட்சம் வீடுகளைச் சீராக்குவதாகச் சொன்னீர்கள். சீரானவை ஏறத்தாழ 47,500 என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. நிர்வாகச் செலவு மட்டும் 5 கோடி பவுண்டைத் தாண்டியதாம். மக்களுக்கு அக்கறையில்லை, நாங்கள் என்ன செய்வது என்று தாங்கள் கேட்கலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் அனுப்பிய விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் நிராகரிக்கப்பட்டன அல்லது திரும்பப் பெறப்பட்டன என்கிறது அந்த அலுவலகத்தின் அறிக்கை. வாசலில் வரிசை நின்றது, கதவுதான் திறக்கவில்லை.

கஜானாவில் பணமில்லை என்ற வாதமும் உண்டு. ஆனால் எரிவாயு விலை ஏறியதும், 2022 குளிர்காலத்தில் வீட்டுக்கு 400 பவுண்டு வீதம் ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் அள்ளிக் கொடுத்தீர்கள். அந்த நெருக்கடியில் கொடுத்ததைக் குறைசொல்ல மாட்டேன். கொடுக்காவிட்டால் முதியவர்கள் விறைத்திருப்பார்கள். ஆயினும் அதில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வானத்துக்கே போனது. ஓட்டைக் குடத்தை அடைக்கக் காசில்லை, நிரப்பிக்கொண்டே இருக்கக் காசுண்டு என்பது எந்தப் பொருளாதாரப் பாடத்தில் வருகிறதோ!

அவசரப்பட்டால் வேலை கெடும் என்பது தங்கள் தரப்பின் வலுவான வாதம். பெரும்பாலும் ஏழை வீடுகளுக்கான பிந்தைய திட்டங்களில் போடப்பட்ட வெளிச்சுவர்க் காப்புகளில் 98 விழுக்காட்டைத் திருத்தியாக வேண்டும் என்று 2025-இல் தணிக்கையாளர்கள் சொன்னார்கள். சுவருக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சை படரும் ஆபத்தோடு சில வீடுகள் நிற்கின்றன. தேர்வில் 98 எடுத்தால் மாலை போடுவோம். இது வேறு 98. கண்காணிப்பு ஓட்டையாக இருந்தது ஒரு காரணம். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இன்னொன்று: 2013-இல் வெப்பக் காப்புக் கொள்கையை மாற்றியதும் பரண் காப்பு வேலைகள் ஒரே ஆண்டில் 92 விழுக்காடு சரிந்தன. இப்படித் திறந்து மூடும் தொழிலில் எந்த இளைஞன் நான்கு ஆண்டு நின்று வேலை கற்பான்? திறமையானவன் வேறு பிழைப்புக்குப் போய்விடுகிறான். மானியம் வந்ததும் ஓடிவருபவன் கையில் பூச்சுக் கரண்டி சிக்குகிறது. அவசரத்தைவிட, நிலையில்லாமையே இந்தத் தொழிலைக் கெடுத்தது.

ஆகவே பணிவான ஒரு விண்ணப்பம். பத்தாண்டுக்கு ஒரே விதி, ஒரே பெயர், வேலை முடிந்த பிறகு சுவரைத் தட்டிப் பார்க்கத் தனி ஆய்வாளர் என்பது தங்கள் மரபுக்கு ஒவ்வாதென்றால், அடுத்த திட்டத்தைத் திறக்கும் நாளிலேயே மூடும் நாளையும் அறிவித்துவிடுங்கள். கம்பளி வியாபாரிகளுக்குச் சரக்கு எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் திட்டங்களின் நீண்டகால ரசிகன்